எஸ்.எம்.பி.எஸ்-க்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? முதல்முறை கணினி அசெம்பிள் செய்பவர்களுக்கு

புதிதாகக் கணினி அசெம்பிள் செய்ய உட்காருகிறவர்கள் பட்டியல் போடும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் கிராபிக்ஸ் கார்டு, அப்புறம் ப்ராசஸர், ராம், எஸ்.எஸ்.டி. கேபினெட்டின் கண்ணாடிக் கதவுக்குக்கூட ஒரு தொகை ஒதுக்கியாகிவிடும். கடைசியில் மிஞ்சுகிற காசில் ஒரு எஸ்.எம்.பி.எஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை. யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை இது.

நல்ல எஸ்.எம்.பி.எஸ்-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு தகுமா என்று கேட்டால், இரண்டு பதில் சொல்ல வேண்டும். மட்டமான சப்ளையை விட்டு ஒழுங்காகச் செய்யப்பட்ட நடுத்தர சப்ளைக்குப் போக ஆகும் காசு, எந்தக் கணினிக்கும் தகும். அதில் யோசிக்கவே வேண்டாம். நடுத்தரத்திலிருந்து உச்ச ரகத்துக்குப் போக ஆகும் காசு, உங்கள் பயன்பாட்டைப் பொறுத்தது. நிறையப் பேருக்குத் தேவைப்படாது. இந்த இரண்டு எல்லைகளும் எங்கே இருக்கின்றன என்று நீங்களே கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: எத்தனை வாட் வேண்டும்?

ப்ராசஸர் பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்டெல் கோர் ஐ5-12400-க்கு 65 வாட் என்று இருக்கும். அது அடிப்படை வேகத்துக்கானது. டர்போவில், அதாவது வேகத்தைத் தானாகக் கூட்டிக்கொண்டு ஓடும்போது 117 வாட் வரை போகும் என்று இன்டெல்லே தன் விவரப் பட்டியலில் சொல்கிறது. ரைசன் 5 7600-ம் பெயரளவில் 65 வாட்தான், ஆனால் சாக்கெட் வழியாக 88 வாட் வரை இழுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. பெரிய எண்ணைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு மொத்த போர்டு எடுக்கும் வாட்டைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115, 4070 என்றால் 200, 4090 என்றால் 450. மதர்போர்டு, ராம், டிஸ்க்குகள், ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 50 வாட் போடுங்கள். ரைசன் 5 7600-ஐயும் 4060-ஐயும் சேர்த்தால் கிட்டத்தட்ட 250 வாட் வரும்.

ஆனால் 4060-க்கு 550 வாட் சப்ளை வேண்டும் என்று என்விடியா எழுதியிருக்கிறதே? அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, உங்களிடம் எந்த ரக சப்ளை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. 550 என்று அச்சிட்டுவிட்டு அதில் பாதியைச் சிரமப்பட்டுத் தருகிற பொருளையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டுகள் சீராக மின்சாரம் எடுப்பதில்லை. மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்குச் சராசரியைத் தாண்டித் திடீரென்று எகிறும். கணினி சப்ளைகளுக்காக 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இந்த எகிறலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது. பெரிய சப்ளைகள் தங்கள் அளவைப்போல இரு மடங்குத் துள்ளலைக்கூட 100 மைக்ரோசெகண்டுக்குத் தாங்க வேண்டும் என்று அது கேட்கிறது.

ஆக, நீங்கள் கூட்டிய தொகையை ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்காக ஆக்கிக்கொண்டால் போதும். 250 வாட் கணினிக்கு நல்ல 450 தாராளம், 550 வசதியானது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று 1000 வாட் வாங்குவதில் அர்த்தமில்லை. சும்மா இருக்கும்போது 50 வாட் எடுக்கிற கணினிக்கு அது வெறும் 5 சதவீத லோடு. அந்த அளவில் மின்சாரத்தை வீணாக்காமல் தரும் திறன் எல்லா சப்ளைகளிலும் சரியும். அந்தக் காசில் வாட்டைக் குறைத்துத் தரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

படி 2: பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது. ஐந்து நிமிடம் போதும், காசும் ஆகாது.

ஒவ்வொரு சப்ளையின் பக்கவாட்டிலும் ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் +3.3வி, +5வி, +12வி, -12வி, +5விஎஸ்பி என்று வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் கீழும் ஆம்பியர். இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் லைனில்தான் ஓடுகின்றன. அதனால் 12 வோல்ட்டின் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் அந்த சப்ளையின் உண்மையான பலம்.

இரண்டு பெட்டிகள், இரண்டின் மேலும் 450 என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு 37 ஆம்பியர். பெருக்கினால் 444 வாட். சொன்ன சொல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டாவதின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு 22 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 28, 3.3 வோல்ட்டுக்கு 24. பெருக்கினால் 12 வோல்ட்டில் 264 வாட்தான் தேறும். மிச்ச வாட் எல்லாம் உங்கள் கணினி அதிகம் தொடாத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் முடங்கிக் கிடக்கிறது. ப்ராசஸர்கள் 5 வோல்ட்டில் ஓடிய காலத்துக்கு அந்தப் பங்கீடு சரி. ப்ராசஸருக்குத் தனி 12 வோல்ட் இணைப்பு வந்தது 2000-ல். அதற்கு முந்தைய வடிவமைப்புக்குப் புதுப் பெயின்ட் அடித்து இன்றும் விற்கிறார்கள் என்பதைத்தான் அந்த லேபிள் காட்டிக்கொடுக்கிறது.

சில பெட்டிகளில் 12வி1, 12வி2 என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். கீழே 'மொத்தம்' என்று சேர்த்துப் போட்டிருக்கும் வாட்தான் கணக்கு. அந்த மொத்தமே லேபிளில் இல்லையென்றால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

லேபிளைப் பார்க்கும்போதே பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். 115/230 என்று தள்ளிவிடுகிற ஒரு சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருந்தால், உள்ளே ஆக்டிவ் பி.எஃப்.சி என்ற சுற்று இல்லை என்று அர்த்தம். அது இருக்கிற சப்ளைகள் பொதுவாக 100-லிருந்து 240 வோல்ட் வரை தாமாகவே சமாளித்துக்கொள்ளும், ஸ்விட்ச் தேவையில்லை. இன்று புதிதாக வாங்கும் பொருளில் அந்தச் சிவப்பு ஸ்விட்ச் இருக்கவே கூடாது. தவறிப்போய் 115-ல் வைத்துவிட்டு 230 வோல்ட் பிளக்கில் சொருகினால் 'டப்' என்ற சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

கையில் தூக்கிப் பார்ப்பதும் வீண் இல்லை. ஹீட்சிங்க், டிரான்ஸ்ஃபார்மர், வடிகட்டிக் காயில்கள் எல்லாம் எடையுள்ளவை. பெட்டி பஞ்சு மாதிரி இருந்தால் அவற்றில் ஏதோ ஒன்றைச் சிறிதாக்கியிருக்கிறார்கள், அல்லது போடவே இல்லை.

படி 3: 80 பிளஸ் முத்திரைக்கு எவ்வளவு மரியாதை?

2004-ல் தொடங்கிய இந்த முத்திரை சொல்வது திறனை மட்டும்தான். அதாவது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கணினிக்குப் போய்ச் சேருகிறது, எத்தனை வெப்பமாக வீணாகிறது. 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் பிரான்ஸ் ரகம் 85 சதவீதம் தர வேண்டும், கோல்டு 90, பிளாட்டினம் 92, டைட்டானியம் 94. கூடவே, சுவரிலிருந்து மின்சாரத்தை எவ்வளவு ஒழுங்காக எடுக்கிறது என்று காட்டும் பவர் ஃபேக்டரையும் பார்ப்பார்கள். அவ்வளவுதான். வோல்டேஜ் சீராக இருக்கிறதா, பாதுகாப்புச் சுற்றுகள் வேலை செய்கின்றனவா, எத்தனை வருடம் உழைக்கும் என்று எதையும் அந்த முத்திரை சோதிப்பதில்லை. சோதிக்கும் அறையின் வெப்பமும் 23 டிகிரிதான். கேபினெட்டுக்குள் அந்தச் சுகம் எங்கே கிடைக்கப்போகிறது?

மின்கட்டணம் மிச்சம் என்கிறார்களே, அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும் ஒரு கணினி 400 வாட் கேட்கிறது. 85 சதவீத சப்ளை சுவரிலிருந்து சுமார் 470 வாட் இழுக்கும், 90 சதவீத சப்ளை 444 வாட். வித்தியாசம் 26 வாட். தினம் நான்கு மணி நேரம் அப்படியே ஓட்டினால் வருடத்துக்கு 38 யூனிட். இதே, 60 வாட் எடுக்கும் ஆபீஸ் கணினி என்றால் வித்தியாசம் 4 வாட். தினம் எட்டு மணி நேரம் ஓடினாலும் வருடத்துக்கு 12 யூனிட்டைத் தொடாது. உங்கள் ஊர் யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். பிரான்ஸுக்கும் கோல்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் எத்தனை வருடத்தில் திரும்பி வரும் என்று தெரிந்துவிடும். இரவு பகலாக ரெண்டர் செய்கிறவருக்கு அது சீக்கிரம் வரும். மாலையில் இரண்டு மணி நேரம் விளையாடுகிறவருக்கு, சப்ளையே மாறும் வரை வராமலும் போகலாம்.

இன்னொரு நம்பிக்கையும் உலவுகிறது: சப்ளை சரியாக 50 சதவீத லோடில் ஓட வேண்டும் என்று. கோல்டு ரகத்தில் 20, 50, 100 சதவீத லோடுகளில் கேட்கப்படும் திறன் 87, 90, 87. மூன்று புள்ளி வித்தியாசத்துக்காக இரு மடங்கு வாட் வாங்குவது கட்டுபடியாகாத யோசனை.

முத்திரைக்கு மறைமுகமான ஒரு பயன் உண்டு. 90 சதவீதத்தைத் தொட நவீன வடிவமைப்பு தேவைப்படும், அதனால் கோல்டு சப்ளைகளில் பெரும்பாலானவை மற்ற விஷயங்களிலும் சுமாராகவாவது இருக்கும். பெரும்பாலானவை என்றுதான் சொன்னேன். 2021-ல் ஜிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற இரண்டு மாடல்கள் விமர்சகர்களின் சோதனை மேசையிலேயே வெடித்தன. இரண்டும் கோல்டு முத்திரை வாங்கியவை. அளவை மீறி லோடு ஏறினால் அணைந்துவிட வேண்டிய வரம்பு அவற்றில் 120-லிருந்து 150 சதவீதமாக இருந்தது. நிறுவனம் அதை 110-120 சதவீதமாக இறக்கியது, குறிப்பிட்ட வரிசை எண்களுக்குள் வாங்கியவர்களுக்கு மாற்றித் தரவும் முன்வந்தது.

படி 4: காசு உள்ளே எங்கே போகிறது

இது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத பகுதி. தெரிந்துகொள்வதற்காகப் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள்! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

அந்தப் பெரிய கெபாசிட்டரிலிருந்தே தொடங்குவோம். மின்சாரம் கண் சிமிட்டும் நேரம் நின்று வந்தால் கணினியைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். முழு லோடில் 16 மில்லிசெகண்டாவது தாங்க வேண்டும் என்பது பழைய ஏடிஎக்ஸ் வழிகாட்டுதல், பின்னர் வந்த 3.1 அதை முழு லோடில் 12 ஆகவும், 80 சதவீத லோடில் 17 ஆகவும் மாற்றியது. விலை குறைப்பவர்கள் முதலில் கைவைக்கிற இடமும் இதுதான், ஏனென்றால் உள்ளே இருப்பதில் விலை அதிகமான பாகங்களில் அதுவும் ஒன்று. விளக்கு லேசாக மங்கி மீளும்போதெல்லாம், யு.பி.எஸ் இருந்தும்கூட, உங்கள் கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடுத்தது வெளியீட்டுப் பக்கத்தின் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள். 85 டிகிரி, 105 டிகிரி என்று இரண்டு ரகங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையின் பொதுக் கணக்கு. இரண்டுமே தத்தம் வெப்பநிலையில் 2000 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 65 டிகிரியில் 105 ரகம் 32,000 மணி நேரம் வரும், 85 ரகம் 8,000 மணி நேரம் வரும். 8,000 மணி நேரம் என்பது இடைவிடாமல் ஓடினால் ஒரு வருடத்துக்கும் குறைவு. 'ஜப்பான் கெபாசிட்டர்' என்று பெட்டியில் போட்டிருந்தால் நல்லதுதான்; ஆனால் முன்னால் இருக்கும் அந்தப் பெரிய ஒன்று மட்டும் ஜப்பானாக இருந்து, மற்றதெல்லாம் கிடைத்ததைப் போட்டிருப்பதும் உண்டு. 'அனைத்தும்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கெபாசிட்டர்கள் தளரும்போது ரிப்பிள் கூடும். அதாவது 12 வோல்ட் நேர்கோடாக இல்லாமல் நடுங்க ஆரம்பிக்கும். 12 வோல்ட் லைனில் 120 மில்லிவோல்ட் வரை அனுமதி, 5 மற்றும் 3.3 லைன்களில் 50. கணினி உடனே செத்துவிடாது. மதர்போர்டில் இருக்கும் சுற்றுகள் அந்த நடுக்கத்தை வடிகட்டிக்கொண்டே இருந்து தேயும்.

பாதுகாப்புச் சுற்றுகளும் முக்கியம். வோல்டேஜ் ஏறினால், இறங்கினால், ஆம்பியர் மீறினால், மொத்த வாட் மீறினால், ஷார்ட் ஆனால், சூடு மீறினால் என ஆறு நிலைகளில் நல்ல சப்ளை தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மலிவானவற்றில் அதிகம் காணாமல் போவது ஆம்பியருக்கானதும் சூட்டுக்கானதும்தான். நல்ல சப்ளையும் ஒருநாள் சாகும். ஆனால் சாகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகாது. கூடுதல் காசுக்கு முதல் காரணமாக நான் சொல்வது இதுதான், மின்கட்டணம் அப்புறம்தான்.

ஃபேன், மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள், ஆர்ஜிபி விளக்கு? முதல் இரண்டும் வசதி, மூன்றாவது உங்கள் இஷ்டம்.

படி 5: பிராண்டைத் தேடாதீர்கள், மாடலைத் தேடுங்கள்

பிரபலமான பெயர்களில் பலர் சப்ளையைத் தாங்களே செய்வதில்லை. சீசானிக், சூப்பர் ஃபிளவர், சி.டபிள்யூ.டி, எஃப்.எஸ்.பி, கிரேட் வால் போன்ற சில தொழிற்சாலைகளிலிருந்துதான் சந்தையின் பெரும்பகுதி வருகிறது. ஒரே பிராண்டின் ஒரு வரிசை அருமையாகவும் இன்னொன்று சுமாராகவும் இருப்பது இதனால்தான். அதே பெயரில் வருடம் மாறும்போது உள்ளே இருப்பதும் மாறலாம்.

அதனால் முழு மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். திறந்து பார்த்து, லோடு ஏற்றும் மெஷினிலும், வோல்டேஜ் நடுக்கத்தைக் காட்டும் ஆசிலோஸ்கோப்பிலும் வைத்துச் சோதித்த விமர்சனமா என்று பாருங்கள். பெட்டியைப் பிரித்து, கேபிளைத் தடவிப் பார்த்து 'செம குவாலிட்டி' என்று முடிக்கிற வீடியோவால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சைபெனெடிக்ஸ் என்ற அமைப்பு மாடல் வாரியாகத் திறனையும் சத்தத்தையும் அளந்து அறிக்கை போடுகிறது. உங்கள் மாடல் அதில் இருந்தால் அதிர்ஷ்டம்.

விமர்சனமே கிடைக்கவில்லையென்றால் வாரண்டியைப் பாருங்கள். ஐந்து, ஏழு, பத்து வருடம் என்று எழுதித் தருகிற நிறுவனம் திரும்பி வருவதற்கான செலவையும் கணக்குப் பார்த்துத்தான் எழுதும். ஒரு வருடம் மட்டும் என்றால் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை.

படி 6: உங்களுக்கு எந்த ரகம்?

கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டு, ஆபீஸ் கணினிக்கு, லேபிள் சோதனையில் தேறிய 400-450 வாட் பிரான்ஸ் போதும். நடுத்தர கேமிங்குக்கு 550-650. பிரான்ஸா கோல்டா என்பதை அன்றைக்கு இருக்கும் விலை வித்தியாசம் முடிவு செய்யட்டும். 300 வாட் தாண்டும் கார்டு போடுகிறவர்கள் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 கோல்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். அங்கே அந்தக் காசு நியாயமானது. நாள் முழுக்க ஓடும் சர்வர் வைத்திருந்தால் மட்டும் பிளாட்டினம், டைட்டானியம் பக்கம் எட்டிப் பார்க்கலாம். ஒருகாலத்தில் 10 சதவீத லோடில் திறனைக் கேட்ட ஒரே 80 பிளஸ் ரகம் டைட்டானியம்தான், சும்மா கிடக்கும் சர்வருக்கு அது உதவும். சத்தம் பிடிக்காதவர்களுக்கும் உயர் ரகம் லாபம்தான்: 300 வாட் லோடில் 85 சதவீத சப்ளை 53 வாட்டை வெப்பமாகக் கொட்டுகிறது, 90 சதவீதம் 33 வாட்டை. ஃபேன் அந்த அளவுக்கு மெதுவாகச் சுற்றும்.

படி 7: மாட்டும்போது

மாடுலர் சப்ளை என்றால், அதன் பெட்டியில் வந்த கேபிளை மட்டும் போடுங்கள். பழைய சப்ளையின் கேபிள் புதியதில் அழகாகப் பொருந்தும். ஆனால் சப்ளை பக்க முனையில் எந்த ஓட்டையில் எந்த வோல்டேஜ் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே பிராண்டின் இரண்டு வரிசைகளுக்குள்கூட மாறும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் ஹார்ட் டிஸ்க்கும் அதிலிருக்கும் படங்களும் ஒரே நொடியில் போய்விடும். எத்தனை விலை உயர்ந்த சப்ளையும் இதிலிருந்து காப்பாற்றாது.

புது வகை 16 முனை கார்டு கனெக்டரை 'கிளிக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். 2022-ல் 4090 கார்டுகளில் அது உருகியதற்கு முழுதாகச் சொருகாததும் ஒரு முக்கியக் காரணம். பின்னர் வந்த 12வி-2எக்ஸ்6 வடிவத்தில், சரியாக உட்காராவிட்டால் கார்டு முழு மின்சாரம் இழுக்காதபடி இணைப்பை உணரும் சிறு முனைகளைக் குட்டையாக்கினார்கள். கேபிளைக் கனெக்டரின் கழுத்திலேயே மடக்காதீர்கள், மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராக விட்டு வளையுங்கள்.

படி 8: முதல் வாரத்திலேயே சோதியுங்கள்

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் கணினியை ஒருமுறை நன்றாக வேலை வாங்குங்கள். ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரே நேரத்தில் லோடு கொடுக்கும் சோதனை மென்பொருளை அரை மணி நேரம் ஓட விடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால், நான்கு முனை பெரிஃபெரல் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4-லிருந்து 12.6 வோல்ட்டுக்குள், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75-லிருந்து 5.25-க்குள் காட்ட வேண்டும். எல்லாக் கம்பியும் கறுப்பாக இருக்கும் சப்ளைகளில் முனை வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மென்பொருள் காட்டும் வோல்டேஜ் பல மதர்போர்டுகளில் நம்பும்படி இருக்காது, அதை வைத்துப் பயந்துவிட வேண்டாம்.

லோடு ஏறியதும் நீலத்திரைகூட வராமல் பட்டென்று அணைந்தால் பெரும்பாலும் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று தலையிட்டிருக்கிறது. வாட் கணக்கை மறுபடி பாருங்கள், கணக்கு சரியாக இருந்தால் சப்ளையை மாற்றுங்கள். கருகல் வாடையோ பொரிகிற சத்தமோ வந்தால் மறுபடி ஆன் செய்து பார்க்கவே வேண்டாம். கார்டு வேகமெடுக்கும்போது மட்டும் கேட்கும் மெல்லிய கீச்சொலி காயில் அதிர்வு, எரிச்சலூட்டும், ஆபத்தில்லை. மாற்றித் தருவார்களா என்பது கடைக்காரரின் மனசைப் பொறுத்தது. பில்லையும் அட்டைப்பெட்டியையும் வாரண்டி முடியும் வரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணை ஒரு போட்டோ எடுத்து வைத்துவிட்டால், பிறகு அதைப் படிக்க சப்ளையைக் கழற்ற வேண்டியிருக்காது.